நாயின் முகத்துக்கு அனுமதி

அக்டோபர் 14, திங்கள். இன்று ஒரு தவறு செய்தேன். நேற்றுப் பிடிபட்ட நாய்களின் படங்களைச் சிறிதாக்காமல், கேமராவில் இருந்தபடியே மாவட்ட வலைத்தளத்தில் ஏற்றிவிட்டேன். முதலில் வெட்டு, பிறகு வெளிச்சம், பிறகு சிறிதாக்கு, கடைசியில் கூர்மை, அதற்குப் பிறகே ஏற்று என்று போன வாரம்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வெட்டினேன். வெளிச்சம் கூட்டினேன். சிறிதாக்க மறந்துவிட்டேன். நாளை: எல்லாவற்றையும் சிறிதாக்கி மாற்றி ஏற்ற வேண்டும்.

தோ யுன்சுல் இதைப் பேருந்தில் எழுதினாள். செவ்வாயும் வியாழனும் அவள் போகும், கணினியில் படம் திருத்தக் கற்றுத்தரும் மாலை வகுப்பில், செய்த தவறையும் மறுநாள் வேலையையும் தினம் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் இரண்டாவது வாரமே விட்டுவிட்டார்கள். யுன்சுல் விடவில்லை. சொன்னதைச் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஹேயோன் மாவட்டத்தின் தெருநாய்க் காப்பகத்தில் அவள் ஒப்பந்த ஊழியர். வரும் நாய்களைப் படம் எடுத்து வலைத்தளத்தில் போடுவது அவள் வேலை. அறிவிப்புக் காலத்துக்குள் தொலைத்தவரோ வளர்க்க விரும்புபவரோ வந்தால் நாய் பிழைக்கும். யாரும் வராவிட்டால் மருத்துவர் ஊசியோடு வருவார். வலைத்தளத்தில் பார்த்து, கூண்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான் காப்பகத்தின் கதவு திறக்கும் என்பதால், நாய்க்கும் ஊசிக்கும் நடுவே இருந்தது ஒரு படம்தான்.

அவள் மாற்றி ஏற்றுவதற்குள் மறுநாள் காலை ஒரு சம்பவம் நடந்துவிட்டது. மாவட்டத் தலைவர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரோடு காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தார். எல்லார் முன்னாலும் சூப்புக் கிண்ணம். தலைநகரிலிருந்து வந்த விருந்தாளிக்குக் காட்ட, வலைத்தளத்தின் முகப்பில் இருக்கும் தம் வரவேற்புரைப் படத்தைக் கைபேசியில் திறந்தார். சிறிதாக்காத நாய்ப் படங்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. தலைவரின் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முடி வந்தது. நெற்றி வந்தது. புருவம் வரை வந்து நின்றுவிட்டது. சூப்பு தீரும்வரை புருவத்திலேயே நின்றது.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னைக்குத் தலைவர் இவ்வளவுதான் போல!" என்றார்.

அன்று மதியமே மக்கள் தொடர்புப் பிரிவில் 'படத் தர மேம்பாட்டுப் பணிக்குழு' பிறந்தது. அதன் தலைவர் மெங். ஐம்பதைத் தொடும் வயது. நடக்கும்போதுகூடக் கையில் ஒரு கோப்பு இருக்கும், அதை மார்போடு அணைத்திருப்பார். அந்தக் கோப்பு திறந்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் யுன்சுலைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். காப்பகத்தின் மூத்த பராமரிப்பாளர் பியோன் அக்காவும் கூடவே கிளம்பிவிட்டாள்.

"நீ எதுக்கு அக்கா?"

"உன்னைத் தனியா விட்டா ஆமா சாமி போட்டுட்டு வந்துடுவே. நான் வந்தா நடுவுல கொஞ்சம் இருமவாவது செய்வேன்."

மெங் எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு சின்ன அலட்சியம். அதால மாவட்டத்தோட முகமே புருவத்தோட நின்னு போச்சு. யாரையும் குத்தம் சொல்ல நான் இங்க வரல. யுன்சுல் அவர்களே, எந்திரிச்சு நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும். சரி, உக்காருங்க. இனிமே படங்களுக்கும் ஒரு மரியாதை வரிசை உண்டு. மாவட்டத் தலைவர் ஐயாவோட படம் ஐந்நூறு கிலோபைட். வேற எந்தப் படமும் அதைவிடக் கனமா இருக்கக் கூடாது. துணைத் தலைவர் நானூறு. துறைத் தலைவருங்க முந்நூறு. பாலம், பள்ளிக்கூடம், பூங்கா நூறு. தெருவிளக்கு, சாக்கடை மூடி அம்பது. நாய் இருபது."

யுன்சுல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். "தலைவரே, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. நாய் ஏன் சாக்கடை மூடிக்குக் கீழ இருக்கு?"

"சாக்கடை மூடி மாவட்டத்தோட சொத்து. நாய் யாரோட சொத்துன்னு இன்னும் முடிவாகல."

பியோன் அக்கா இருமினாள்.

துணைத் தலைவரின் பழைய படம் மாவட்டத் தலைவரின் படத்தைவிடக் கனமாக இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அன்றே அதை இளைக்க வைத்தார்கள். இளைத்ததில் அவருடைய மூக்கு கன்னத்தோடு கலந்துவிட்டது. பணிவுக்கு நல்ல உதாரணம் என்று அவரே அதை ஊழியர் கூட்டத்தில் காட்டினார்.

யுன்சுல் காப்பகத்துக்குத் திரும்பி நாய்களை இருபது கிலோபைட்டுக்கு இறக்கினாள். வகுப்பில் கற்ற எல்லா வித்தையும் செய்து பார்த்தாள். பின்னணியை வெட்டினாள், நிறங்களைக் குறைத்தாள். கூண்டு ஏழில் ஒரு மஞ்சள் நாய் இருந்தது. இடது காது நுனி கிழிந்தது. யார் போனாலும் கம்பியில் மூக்கை வைத்து, ஏதோ சொல்ல வந்து மறந்துபோன ஆளைப் போலப் பார்க்கும். திரையில் அது அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல வந்தது. ஆனாலும் கண் தெரிந்தது, கிழிந்த காது தெரிந்தது. பரவாயில்லை என்று ஏற்றினாள்.

மறுநாள் மெங்கே நேரில் வந்தார். பின்னால் நின்ற ஊழியர் குடை பிடித்திருந்தார். மழை இல்லை. நாய்கள் உடம்பை உதறித் தண்ணீர் தெளிக்கக்கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அனுமதி வாங்கினீங்களா?"

"எதுக்கு, தலைவரே?"

"முகத்துக்கு. முகம்னா தனிநபர் தகவல். சம்பந்தப்பட்டவரோட எழுத்துபூர்வ சம்மதம் இல்லாம வெளியிடக் கூடாது."

"நாய் தனிநபரா?"

மெங் ஒரு குழந்தையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். "நாய் இல்ல. ஆனா ஒவ்வொரு நாய்க்குப் பின்னாலயும் ஒரு தனிநபர் இருக்காரு. நாயோட முகத்தைப் பாத்தா அவர் யாருன்னு தெரிஞ்சுடும்."

"தெரியணும்னுதானே போடறோம்?"

"தெரியலாம். அதுல தப்பில்ல. நாம தெரியப்படுத்தக் கூடாது. சொந்தக்காரர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு முகத்தைத் தாராளமாப் போடுங்க."

"சொந்தக்காரர் யாருன்னு தெரியாதே, தலைவரே. அவரைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் படமே."

"அப்படின்னா சம்மதம் இல்லைன்னுதானே அர்த்தம்? மொசைக் போடுங்க."

முகத்தைக் கட்டம் கட்டமாகக் கலைத்துவிடுவதற்கு மொசைக் என்று பெயர். செய்தியில் போலீஸ் இழுத்துப் போகும் ஆள்களுக்குப் போடுவார்களே, அதேதான். யுன்சுல் அதை வகுப்பில் இன்னும் கற்றிருக்கவில்லை. அன்று மாலை ஆசிரியரிடம் கேட்டாள். "யாருக்குப் போடணும்?" என்றார் அவர். நாய்க்கு என்றாள். அவர் இன்னொரு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தார்.

முகம் மட்டும் போதவில்லை. கிழிந்த காதும் தனித்த அடையாளம்தான் என்று மெங் திருப்பி அனுப்பினார். காதையும் கலைத்தாள். வால் நுனியின் வெள்ளையைக் கலைத்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்த குறிப்பிலும் நிறம், உயரம், பிடிபட்ட இடம் எல்லாம் போயின. கடைசியில் மிஞ்சியது, "நாய். உயிருடன் உள்ளது." அதிலும் இரண்டாவது வாக்கியம் அன்றைய நிலவரத்தை மட்டுமே குறிக்கும் என்று ஒரு அடிக்குறிப்பு சேர்க்கச் சொன்னார்கள். மூலப் படங்களை உடனே அழித்துவிட வேண்டும் என்றும் விதி வந்தது. அழித்தாள். விதி என்றால் அவள் முதலில் செய்துவிடுவாள், பிறகுதான் யோசிப்பாள்.

அடுத்து இன்னொரு சிக்கல். 'சிரிக்கும் ஹேயோன்' என்பது மாவட்டத்தின் முழக்கம். வலைத்தளத்தில் வரும் எல்லா உயிரும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று தலைவர் தேர்தல் சமயத்தில் சொல்லியிருந்தார். மொசைக்குக்குப் பின்னால் நாய் சிரிக்கிறதா முறைக்கிறதா என்று எப்படித் தெரியும்? பணிக்குழு நன்றாக யோசித்து ஒரு சான்றிதழ் அச்சடித்தது: 'மறைக்கப்படுவதற்கு முன் இவ்விலங்கு சிரித்த முகத்துடன் இருந்தது என இதன்மூலம் உறுதி செய்கிறோம்.' இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

பியோன் அக்கா பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். "சிரிச்சுதுதான். இவனுங்களைப் பாத்துட்டு எது சிரிக்காம இருக்கும்?"

படங்கள் வெளியாயின. தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது. நாய் கேட்டு யாரும் கூப்பிடவில்லை.

"அந்த நாய்ங்க என்ன குத்தம் பண்ணுச்சு? யாரையாவது கடிச்சுக் கொன்னுடுச்சா? எங்க பள்ளிக்கூடம் பக்கத்துலதான் உங்க காப்பகம் இருக்கு, பதில் சொல்லுங்க!"

யுன்சுல் அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டாள். விஷயத்தை மெங்கிடம் சொன்னாள். மாலையே வலைத்தளத்தில் அதிகாரபூர்வ விளக்கம் வந்தது: 'படத்தில் உள்ள நாய்கள் மீது தற்போது எந்தக் குற்றச்சாட்டும் நிலுவையில் இல்லை.' மறுநாள் இன்னும் அதிகம் பேர் கூப்பிட்டார்கள். தற்போது என்றால் முன்பு இருந்ததா என்று ஒருவர் கேட்டார். குற்றச்சாட்டே இல்லை என்றால் ஏன் கூண்டில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார் இன்னொருவர். இவர் ஒருவர்தான் அந்த வாரத்தில் நாய்களின் பக்கம் பேசியவர்.

காப்பகத்தின் கதவு திறக்கவே இல்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு யார் வருவார்கள்? எல்லா எண்ணுக்கும் மேலே ஒரே மாதிரிக் கட்டங்கள். கூண்டு மூன்றின் காலம் முடிந்தது. மருத்துவர் வந்து போனார். கூண்டு ஐந்துக்கும் வந்து போனார். பியோன் அக்கா அன்று யாரையும் திட்டவில்லை. காலிக் கூண்டுகளைக் குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"என்னாலதான் அக்கா," என்றாள் யுன்சுல். "நான் அன்னைக்குச் சிறிசாக்கியிருந்தா இந்தக் குழுவே வந்திருக்காது."

"வாயை மூடு. நீ ஒரு படத்தைப் பெருசாப் போட்டே. அவனுங்க அதுக்கு ஒரு கூட்டத்தையே போட்டானுங்க. ரெண்டும் ஒண்ணாடி?" குழாயை நிறுத்தினாள். "ஏழுக்கு எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

வியாழக்கிழமை மக்கள் தொடர்புப் பிரிவில் ஒரு ஆள் வந்து நின்றார். காலில் ரப்பர் பூட்ஸ், உடம்பெல்லாம் சிப்பி வாடை. பெயர் கூக் சாங்தோல், சிப்பிப் படகுக்காரர். இரண்டு வாரமாகக் கடலுக்கும் கரைக்கும் நடுவே நாயைத் தேடி அலைந்தவர். காப்பகத்துக்குப் போனார். அடையாள ஒப்பீட்டுக்கு அனுமதி வாங்கி வரச் சொல்லி மெங்கிடம் அனுப்பிவிட்டார்கள். யுன்சுலும் பியோன் அக்காவும் அவரோடு வந்திருந்தார்கள்.

"கூண்டு ஏழுல இருக்கறது என் நூருங்ஜி," என்றார் அவர். சட்டியில் அடிப்பிடித்த சோற்றுக்குத்தான் நூருங்ஜி என்று பெயர். நாயின் நிறமும் அதுவேதான்.

மெங் படத்தைத் திரையில் திறந்தார். "எப்படிச் சொல்றீங்க? அடையாளம் தெரியற மாதிரி எதையும் நாங்க விட்டு வைக்கலையே." குரலில் ஒரு கவலை இருந்தது.

"மூஞ்சியைக் கலைச்சீங்க, காதைக் கலைச்சீங்க. அது உக்காந்திருக்கறதைப் பாருங்கய்யா! பின்னங்கால் ஒண்ணைப் பக்கத்துல நீட்டி, குடிக்க உக்காந்த ஆளு மாதிரி. நங்கூரக் கயிறுல மாட்டுன காலு அது, மடங்காது. இப்படி உக்கார்ற நாய் இந்தக் கரையில வேற கிடையாது."

யுன்சுல் குனிந்து பார்த்தாள். ஆமாம். இவ்வளவு நாளும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் காலை அவள் கவனிக்கவே இல்லை.

சாங்தோல் தம் கைபேசியை நீட்டினார். படகின் முனையில் மஞ்சள் நாய், காற்றில் காது பறக்க. மெங் அதை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒத்துப்போகல," என்றார்.

"என்னது?"

"உங்க நாய்க்கு முகம் இருக்கு. எங்க நாய்க்கு இல்ல."

"யோவ், முகத்தை அழிச்சதே நீங்கதானேய்யா!"

"அழிக்கல. பாதுகாத்தோம்."

"அப்ப வாங்க, கூண்டுக்கே போவோம். நாயை நேர்ல பாருங்க. நான் கூப்பிட்டா கூண்டையே பேத்துட்டு வரும்."

"நாய் ஒரு ஆவணம் இல்லைங்க. அது இன்னைக்கு வரும், நாளைக்கு வேற ஒருத்தர் சோறு போட்டா அவர்கிட்டயும் போகும். நான் அதை நம்பிக் கையெழுத்துப் போட முடியுமா? படம்தான் ஆவணம்."

"அந்தப் படத்தோட மூலம் எங்க?"

"விதிப்படி அழிச்சாச்சு," என்றார் மெங் பெருமையாக. யுன்சுல் தரையைப் பார்த்தாள்.

"புதுசா ஒண்ணு எடுங்க!"

"எடுக்கலாம். எடுத்த உடனே மொசைக் போடணும். மறுபடியும் முகம் இருக்காது. அப்பவும் ஒத்துப்போகாது." அவர் இரண்டு கைகளையும் விரித்தார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. எங்க வீட்லயும் நாய் இருக்கு. ஆனா பாருங்க, இன்னைக்கு முகத்தைப் பாத்து நாயைக் குடுத்தேன்னா நாளைக்கு எல்லாரும் முகத்தைப் பாத்தே கேக்க ஆரம்பிச்சுடுவாங்க."

சாங்தோலின் கழுத்து நரம்பு புடைத்தது. பியோன் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளை வெள்ளிக்கிழமை. யுன்சுலின் மனம் வழக்கம்போலப் படி படியாகப் போனது. ஒரு படத்தில் முகம் உண்டு, இன்னொன்றில் இல்லை. ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே அளவுக்கும் ஒரே நிலைக்கும் கொண்டுவர வேண்டும். வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"தலைவரே, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க," என்றாள். "அவர் படத்துலயும் மொசைக் போட்டா?"

மெங் கண்ணை மூடித் திறந்தார். "சொந்தக்காரர் சம்மதிச்சா," என்றார் மெதுவாக, "விதியில தடை இல்ல."

சாங்தோல் பியோன் அக்காவைப் பார்த்தார். "சம்மதிச்சுத் தொலை," என்று அவள் பல்லைக் கடித்தாள்.

யுன்சுல் உட்கார்ந்தாள். படகை வெட்டினாள். நாயை மட்டும் எடுத்து, இருபது கிலோபைட்டுக்கு இறக்கினாள். முகத்தைக் கலைத்தாள், காதைக் கலைத்தாள், வால் நுனியைக் கலைத்தாள். இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். மஞ்சள் கட்டங்கள், பக்கத்தில் மஞ்சள் கட்டங்கள்.

மெங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். முகம் மலர்ந்தது. "அச்சு அசல்!" என்றார். "ஒரு கட்டம்கூடப் பிசகல. இதே நாய்தான்!"

"என் வீட்டுக்காரர் மூஞ்சியில போட்டாலும் இப்படித்தான் இருக்கும்," என்றாள் பியோன் அக்கா.

மெங் காதில் அது விழவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கூண்டு ஏழு திறந்ததும் நூருங்ஜி ஓடி வரவில்லை. மூன்று கால் ஓட, ஒரு கால் இழுபட, விழுந்து எழுந்து வந்தது. வந்து சாங்தோலின் ரப்பர் பூட்ஸைக் கடித்து இழுத்தது. அவர் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏண்டா, எங்கடா போன, ஏண்டா," என்று திட்டிக்கொண்டே போனார். சிரித்த முகச் சான்றிதழில் அவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கே என்றுகூடக் கேட்காமல் காட்டிய இடத்தில் போட்டார்.

அடுத்த வாரம் திங்கள்கிழமை ஊழியர் கூட்டத்தில் மெங்கின் படம் பெரிய திரையில் வந்தது. அவருக்குச் சிறப்புப் பாராட்டு, கூடவே படத்துக்கு முந்நூற்று ஐம்பது கிலோபைட் வரை கனக்க அனுமதி.

"முகத்தைக் காட்டாமலேயே ஒரு நாயை அதோட வீட்ல சேத்திருக்கோம்," என்று அவர் உரையாற்றினார். "இதுக்கு முன்னால முகத்தைக் காட்டித்தான் சேத்துக்கிட்டிருந்தாங்க. அதுல என்ன சாமர்த்தியம் இருக்கு? அது யாராலயும் முடியும்."

பலமான கைதட்டல். துணைத் தலைவரும், மூக்கு கலந்த படத்தின் கீழே உட்கார்ந்து, கைதட்டினார்.

மாலையில் புதிய சுற்றறிக்கை காப்பகத்துக்கு வந்தது. இனிமேல் சொந்தக்காரர்களே தங்கள் படத்தை மொசைக் போட்டுக் கொண்டுவர வேண்டும். பூனைகளுக்கும் இதே முறை. பறவைகள் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். பியோன் அக்கா அதை வாசித்துவிட்டு நாய்களின் சோற்றுத் தட்டுக்கு அடியில் விரித்தாள். யுன்சுல் அதை எடுத்து, சோற்றைத் தட்டிவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். முகம், காது, வால், புள்ளி, நிறம், கழுத்துப் பட்டை எல்லாம் இருந்தன. உட்காரும் விதம் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"அக்கா, கூண்டு பதினொண்ணு எப்படி உக்காரும்?"

"அதுவா? சுவத்துல முதுகைச் சாச்சுக்கிட்டு, கிழவன் மாதிரி. ஏன்?"

"ரெண்டு?"

"முன்னங்கால் ரெண்டையும் பின்னிக்கும். எதுக்குடி கேக்கறே?"

யுன்சுல் பேருந்துக்குக் காத்திருக்கும்போது எழுதினாள்.

அக்டோபர் 28, திங்கள். கூண்டு இரண்டின் படத்தைக் கழுத்துவரை நெருக்கமாக வெட்டியிருந்தேன். தவறு. கால் தெரியவில்லை. நாளை: எல்லா நாய்களையும் முழு உடம்போடு, அவை தாமாக உட்கார்ந்திருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். முதலில் கூண்டு பதினொன்று. அதற்குப் புதன்கிழமைவரைதான் காலம்.